ஃபேன் ஓடும் அறைக்கு எந்த மைக்? கேமிங், ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு

வணக்கம். கேமிங்குக்கு எந்த மைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். விளையாடும்போது தலைக்கு மேலே ஃபேன் ஓடுமா? மைக் உங்கள் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? பிராண்ட், விலை, கலர் விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

(திரையில்: மேசை. மானிட்டர் ஓரத்தில் ஒரு மைக். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு டேப்.)

முதலில் தூரம். ஒலி கிளம்பும் இடத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு சுமார் 6 டெசிபெல் குறையும். மைக் உங்கள் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 15 சென்டிமீட்டருக்கு இழுத்து வந்தால் தூரம் இரண்டு முறை பாதியாகிறது, குரல் 12 டெசிபெல் கூடுகிறது. ஃபேன் சத்தம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அது மைக்கிலிருந்து ஏற்கெனவே வெகுதூரத்தில் இருப்பதால் இந்த 45 சென்டிமீட்டர் அதற்குப் பெரிய விஷயம் இல்லை. அறையின் எதிரொலியால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவில்லாமல் இவ்வளவு தெளிவு கிடைக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், மைக்குக்குப் பணம் ஒதுக்கும்போதே மேசை விளிம்பில் மாட்டி மைக்கைத் தாங்கும் பூம் ஆர்முக்கும் ஒதுக்கிவிடுங்கள். பெரிய மைக்கும் ஆர்ம் இல்லாத மேசையும் என்பதைவிட, நடுத்தர மைக்கும் நல்ல ஆர்மும் எவ்வளவோ மேல்.

இதே காரணத்தால்தான், டிஸ்கார்ட் என்ற குரல் உரையாடல் செயலியில் நண்பர்களோடு பேசி விளையாடினால் போதும் என்பவர்களுக்குத் தனி மைக்கே தேவையில்லை என்கிறேன். வயர் உள்ள ஹெட்செட்டில் மைக் வாயோரமாகச் சில சென்டிமீட்டரில் நிற்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை மைக். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. அளவில் சிறியது, குரலில் கனம் குறைவாக இருக்கும், ஆனால் பேச்சு தெளிவாகப் போய்ச் சேரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ப்ளூடூத் ஹெட்செட். வழக்கமான ப்ளூடூத்தில் மைக்கை இயக்கிய உடனே இணைப்பு தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். உங்கள் குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு (நொடிக்கு ஒலியை அளக்கும் எண்ணிக்கை) இறங்கும். காதில் விழும் விளையாட்டு ஒலியும் ஸ்டீரியோ போய் மோனோ ஆகிவிடும். எதிரியின் காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் எப்படி விளையாடுவது? வயர் வேண்டாம் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பியில் சொருகும் சின்ன ரிசீவர்) வரும் ஹெட்செட்டை எடுங்கள். போனில் விளையாடி ஸ்ட்ரீம் செய்பவர்களுக்குச் சட்டையில் குத்தும் காலர் மைக் நல்ல தொடக்கம். போயா பிஒய்-எம்1 போன்றவை எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுப்பவைதான், இருந்தாலும் நெஞ்சிலேயே இருப்பதால் குரல் முன்னால் நிற்கும்.

சரி, ஸ்ட்ரீமிங்குக்கே மைக் வாங்குகிறீர்கள். கண்டென்சரா, டைனமிக்கா?

டைனமிக் மைக்கில் காந்தப்புலத்துக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் மெல்லிய தகட்டோடு சேர்ந்து அசைகிறது, அந்த அசைவே மின்சாரமாகிறது. கண்டென்சரில் மின்னேற்றம் பெற்ற இரண்டு தகடுகளின் இடைவெளி ஒலியால் மாறுவது மின் சமிக்ஞையாகிறது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் ஆடியோ கேபிள்) கண்டென்சர் என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது அதே கேபிள் வழியாக வரும் மின்சாரம். நுட்பமான ஒலிகளைக் கண்டென்சர் அழகாகப் பிடிக்கும்.

"டைனமிக் மைக் பின்னணி இரைச்சலை எடுக்காது" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரே மாதிரித் திசைத்தன்மை (எந்தப் பக்க ஒலியை எவ்வளவு எடுக்கும் என்பது) கொண்ட ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்சரையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேளுங்கள். ஃபேன் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு. அதனால் நீங்கள் வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். அந்த நெருக்கம்தான் ஃபேனை அடக்குகிறது. இது புரிந்தால், கையில் இருக்கும் கண்டென்சரையே பக்கத்தில் இழுத்து, கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து நல்ல ஒலி வாங்கலாம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு, தெருச் சத்தமும் குக்கர் விசிலும் வந்து விழும் வீடு என்றால், நான் டைனமிக்கையே சொல்வேன். நெருக்கமாக வைத்துப் பேசும் விதமாகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

(திரையில்: ஷ்யூர் எஸ்எம்7பி.)

எல்லா ஸ்ட்ரீமர் முகத்துக்கு முன்னாலும் தெரியும் இந்த மைக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எஸ்எம்7 வந்தது 1973-இல், எஸ்எம்7பி 2001-இல். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் அவர் குரலுக்குப் பயன்படுத்தியது எஸ்எம்7. அருமையான மைக், மறுப்பே இல்லை. ஆனால் அதன் வெளியீடு மிகச் சன்னமானது, ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான். பேச்சுக்கு 60 டெசிபெல் அளவுக்குக் கெயின் கேட்கும். மலிவான ஆடியோ இன்டர்ஃபேஸில் (எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அவ்வளவு ஏற்றினால் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் கூடவே வரும். 2023-இல் வந்த எஸ்எம்7டிபி உள்ளேயே ஆம்ப்ளிஃபையரோடு வருவது இதற்காகத்தான். மைக், இன்டர்ஃபேஸ், கேபிள், ஆர்ம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முதல் மைக்குக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள சாம்சன் க்யூ2யு அல்லது ஃபிஃபைன் ஏஎம்8 வாங்கினால் இன்றைக்குக் கணினியில் நேராகச் சொருகலாம், நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதிலும் மாட்டலாம். இரண்டுமே டைனமிக்.

இனி, பலர் கவனிக்காத ஒரு விஷயம். கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதை நன்றாக எடுக்கும், பக்கவாட்டில் 6 டெசிபெல் குறைவாக, நேர் பின்னால் மிகக் குறைவாக எடுக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் மைக்கைக் கீழே வைத்து, முகத்தை நோக்கி மேலே திருப்பச் சொல்வார்கள். மைக்கின் முதுகு கீபோர்டைப் பார்ப்பதால் தட்டும் சத்தம் குறையும். நம் அறையில் அப்படி வைத்தால் மைக்கின் முகம் நேராகக் கூரை ஃபேனைப் பார்க்கும்! மைக்கை வாய் உயரத்தில், சற்றுப் பக்கவாட்டிலிருந்து கிடைமட்டமாகக் கொண்டு வாருங்கள். ஃபேன் ஒரு பக்கவாட்டிலும் கீபோர்டு இன்னொரு பக்கவாட்டிலும் போய்விடும். ஃபேன்தான் பெரிய தொல்லை என்றால் மைக்கைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கீழ்நோக்கிச் சாயுங்கள். கீபோர்டு சத்தத்தை அமைதியான ஸ்விட்ச் போட்டுக் குறைக்கலாம், மே மாதத்தில் ஃபேனை நிறுத்த முடியாது. காற்று நேராக மைக்கில் அடித்தால் 'புர்' என்று ஒரு அதிர்வு கேட்கும். அதற்கு ஸ்பாஞ்ச் உறை போடுங்கள்.

ப்ளூ யெட்டி மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் உச்சியைப் பார்த்துப் பேசக் கூடாது, லோகோ இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். நான்கு திசை முறைகள் அதில் உண்டு, தனியாகப் பேச கார்டியாய்டு மட்டும் போதும்.

கெயினைச் சாதாரணமாகப் பேசி அமைக்காதீர்கள். கடைசி ஆளாக நின்று ஜெயிக்கும்போது எப்படிக் கத்துவீர்களோ அப்படிக் கத்தி அமையுங்கள். ஸ்ட்ரீம் செய்ய உதவும் ஓபிஎஸ் மென்பொருளின் ஒலி மீட்டரில் பேச்சு மஞ்சள் பகுதியில், அதாவது -20 டெசிபெலுக்கும் -9 டெசிபெலுக்கும் நடுவில் ஆடினால் நல்லது. கத்தும்போது சிவப்பைத் தொட்டாலும் 0-வை முட்டக் கூடாது. கூடவே ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஃபில்டரும் போடுங்கள். ஆனால் இன்டர்ஃபேஸிலேயே உடைந்துபோன ஒலியை எந்த ஃபில்டராலும் ஒட்டவைக்க முடியாது.

மிச்சமிருக்கும் ஃபேன் சத்தத்துக்கு ஓபிஎஸ்ஸின் இரைச்சல் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டரில் ஆர்என்நாய்ஸ் என்ற முறை நன்றாக வேலை செய்கிறது. டிஸ்கார்டில் அதே வேலைக்குக் கிரிஸ்ப் இருக்கிறது. ஒரே குரலை அடுத்தடுத்து இரண்டு வடிகட்டிகளில் போடாதீர்கள், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். நாய்ஸ் கேட் நீங்கள் பேசாதபோது மட்டுமே மைக்கை மூடும். பேசும்போது ஃபேன் சத்தம் கூடவேதான் வரும், அதை நம்பி மைக்கைத் தள்ளி வைக்க வேண்டாம். விளையாட்டு ஒலியை ஸ்பீக்கரில் வைத்தால் அதுவும் மைக்குக்குள் புகும், ஹெட்ஃபோன் கட்டாயம்.

மைக் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே ஒரு பதிவு எடுங்கள். ரெகுலேட்டரை 5-இல் வையுங்கள், ஜன்னலைத் திறந்தே விடுங்கள், விளையாட்டை ஓட விட்டுக் கீபோர்டைத் தட்டிக்கொண்டே "புஷ் பண்ணு, பின்னாடி பாரு" என்று கத்துங்கள். அதை ஒருமுறை ஹெட்ஃபோனிலும் ஒருமுறை போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் ஸ்ட்ரீமைப் போனில்தான் நிறைய பேர் பார்ப்பார்கள். குரலில் ஒரு சொல்லாவது விளங்காமல் போனால் முதலில் மைக்கை இன்னும் நான்கு விரல் பக்கத்தில் இழுத்து மறுபடி பதிவு செய்யுங்கள். அப்போதும் தேறாவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.