ஓநாய் திரும்பி வந்தது, ஓடை திரும்பவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் புலி எதற்கு என்று கேட்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, காட்டுப்பன்றி கிளறிப் போட்ட மறுநாள் அதே ஆட்கள், "நாலு புலியைக் கொண்டு விட்டால் என்ன?" என்றும் கேட்பார்கள்.

கொண்டு விட்டுப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926க்குள் ஓநாய்களைக் கொன்றே தீர்த்தார்கள். பிறகு 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள். நம் மிளா மானுக்கு உறவான எல்க் மான், பூங்காவின் வடபகுதியில் அப்போது 19,000 பக்கம் இருந்தது. இருபது ஆண்டுக்குள் 5,000க்கும் கீழே போனது. ஓநாய் மட்டுமா காரணம்? கரடி, பூமா, பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஓநாய் தின்று மிச்சம் வைத்ததில் காக்கையும் கழுகும் கரடியும் பசியாறின. சில இடங்களில் ஆற்றோர வில்லோ மரங்கள் மறுபடி தலை தூக்கின.

ஓநாய் வந்தது, எல்லாம் சரியாயிற்று என்று இணையத்தில் உலவும் கதை இதோடு முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது மீதிக் கதை.

ஓநாய் இல்லாத காலத்தில் மான்கள் வில்லோவின் இளங்கிளைகளை மேய்ந்து தீர்த்தன. வில்லோவை நம்பி வாழ்ந்த பீவர் போய்விட்டது. ஓடைக்குக் குறுக்கே குச்சியும் சேறும் வைத்து அணை கட்டும் பிராணி அது. அணை இல்லாததால் தண்ணீர் வேகமாக ஓடித் தரையை அறுத்தது. ஓடை ஆழத்துக்கு இறங்கியது, நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. 2001 முதல் இருபது ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் வேலி கட்டிப் பார்த்தார்கள். மான் எட்டாத வேலிக்குள்ளும், நீர் இறங்கிப்போன இடத்தில் வில்லோ அவ்வளவாக உயரவில்லை. செயற்கையாக அணை கட்டி நீரை ஏற்றிய இடத்தில்தான் செழித்தது. எழுபது வருஷத்தில் கெட்டதை ஓநாயால் மட்டும் சரிசெய்ய முடியவில்லை.

நம் நாட்டிலும் ராஜஸ்தானின் சரிஸ்காவில் கள்ளவேட்டையில் புலியே அற்றுப்போய், 2008இல் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டி வந்தது.

நமக்கு அந்தச் செலவு இல்லை. கன்னியாகுமரி சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. புலி தானாகவே வந்துபோகிறது. மிளாவும் பன்றியும் அந்தக் காட்டுக்குள் அதற்குப் பயந்துதான் மேய வேண்டும்.

ஆனால் மரச்சீனி விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, புலி காவல் வராது. ரப்பர் தோட்டத்துப் புதரில் ஒதுங்கும் பன்றியைத் தேடி அது இறங்கினால் ஆடு மாடும் சேர்ந்து போகும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் எப்படித் தோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பார்? 2023இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் அதைப் பார்த்தோம். கடைசியில் அந்தப் புலியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. விளைக்கு வேலிதான் வழி. ஆட்டை இழந்தவருக்கு நஷ்டஈடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். அமெரிக்காவில் ஓநாய் யெல்லோஸ்டோனுக்கு வருமுன்னே, 1987இலேயே, ஓநாயிடம் மாடு இழந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு தன்னார்வ அமைப்பு நிதி திரட்டத் தொடங்கிவிட்டது. பணம் முதலில், ஓநாய் பிறகு. நம் மலையில் புலி ஏற்கெனவே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.