இன்ஸ்பெக்டரின் சொந்தக்காரர்கள்

(போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள மாணவர்களே,

உள்ளே வரும்போது ஒரு தம்பி ஆயிரம் ஆங்கிலச் சொல் கொண்ட பட்டியலைக் கையில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு என் பழைய கதை நினைவு வந்தது. நானும் இப்படித்தான் நெட்டுரு போட்டேன். என் பட்டியலில் ‘நோட்டோரியஸ்’ என்பதற்கு நேரே ‘பேர்பெற்ற’ என்று இருந்தது. சரி என்று, வேலைக்கான விண்ணப்பத்தில் ‘நான் ஒரு நோட்டோரியஸ் கல்லூரியில் படித்தவன்’ என்று எழுதிவிட்டேன். கெட்ட பேர் எடுத்ததற்குத்தான் அந்தச் சொல் என்று பட்டியல் சொல்லவில்லை. நேர்காணலுக்கு அழைப்பும் வரவில்லை.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே உருவாக்கி, தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அளந்து 1885இல் எழுதினார். அர்த்தமுள்ள கவிதை வரிகளுக்கோ அந்த உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதுமாக இருந்ததாம். பட்டியலை மட்டும் உருப்போடும்போது நல்ல சொல்லையும் வெற்று அசையாக்கிவிடுகிறோம்.

அப்புறம் எங்கே தொடங்குவது? வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லில். இன்ஸ்பெக்டரை எல்லோருக்கும் தெரியும். ‘ஸ்பெக்ட்’ லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் வேர். உள்ளே பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். தன் மனத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்வது இன்ட்ராஸ்பெக்‌ஷன். ‘சர்கம்’ என்றால் சுற்றிலும். ஆகவே சுற்றுமுற்றும் பார்த்துக் கவனமாக நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட். ரெஸ்பெக்ட்? திரும்பிப் பார்ப்பது. மதிப்புள்ளவர் கடந்து போனால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா! பயமுறுத்தும் சொல் ஒன்று, இன்ஸ்பெக்டர் வீட்டுச் சொந்தக்காரராகிவிட்டது.

சொந்தம் தெரிந்தால் போதாது, அந்தஸ்தும் தெரிய வேண்டும். 1066இல் பிரான்ஸின் நார்மண்டியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். ஆட்சியும் விருந்து மேசையும் பிரெஞ்சு பேசின. ஆங்கிலம் பேசிய மேய்ப்பன் வாயில் ‘ஷீப்’ ஷீப்பாகவே இருந்தது, தட்டில் ‘மட்டன்’ ஆனது. (நம் ஊர் மட்டன் பெரும்பாலும் வெள்ளாடு, அது தனிக்கதை.) பின்னால் படிப்பாளிகள் லத்தீனிலிருந்து வேறு அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் கேட்பதற்கு மூன்று சொற்கள். ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், வீட்டுச் சொல். ‘க்வெஸ்டியன்’ பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பு. ‘இன்டராகேட்’ லத்தீன், அதில் காவல் நிலைய வாடை அடிக்கும். மூன்றுக்கும் பட்டியலில் ஒரே பொருள்தான் போட்டிருப்பார்கள். அம்மாவிடம் சாப்பாடு என்ன என்று இன்டராகேட் செய்தால் தட்டு வராது.

ஆகவே புதுச் சொல்லை நோட்டில் தனியாக எழுதாதீர்கள். நாளிதழில் அது வந்த முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை பொருளை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஐம்பது என்று பேராசைப்பட்ட என் நோட்டு மூன்றாம் பக்கத்தோடு நின்றது.

நேரமாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஆஸ்க் போதும், இன்டராகேட் வேண்டாம்.