ஊர் வாயும் நம் காதும்

(சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் வந்தபடியே, பெரிய மாற்றமில்லாமல் எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நம் வார்டு மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அந்த அம்மாவிடம் தேர்தலில் தோற்றும், அழைத்தவுடன் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, கைத்தறிச் சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, மைக் செட் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் நன்றாக இராது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர் அவர். இன்றைய அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கிப் படித்து, சிவப்பு மையில் இரண்டு சந்திப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாராம். அவர் முன்னால் பேச எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் கிளம்பிவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. ஆனால் ஒரு வருத்தம். வெண்பட்டுக்குப் பேர் போன ஊர் இது. இந்தத் தெருவில் நாலு எட்டு வைத்தால் தறிச் சத்தம் கேட்கிறது. இங்கே வந்து, எங்கோ மில்லில் ஓட்டிய பளபளப்புத் துணியைப் போர்த்துகிறோம். அடுத்த முறை நம் தறியில் நெய்த துண்டு ஒன்று போதும். நான் முகமும் துடைத்துக்கொள்வேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம்மைச் சுற்றி நம்மவர்கள்'. நம் கருத்துள்ளவர்களோடு மட்டுமே பழகினால், மாற்றுக் கருத்து இருப்பதே எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதுதான் பேச்சு. மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஒன்று, எதிர்க்கருத்துக்காரர் ஏன் வாய் திறப்பதில்லை. இரண்டு, நாம் குடியிருக்கும் தெருவும் வீடும் இதில் என்ன செய்கின்றன. மூன்று, கையில் இருக்கும் செல்போன் என்ன செய்கிறது.

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி சொல்வேன். தெரிந்தவர்கள் முன்வரிசையில் சிரிக்கிறார்கள். 'ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?' இல்லைதான். ஊர் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. நாம் மூடியை ஊர் வாயில் போடவில்லை, நம் காதில் போட்டிருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டையில் என் நண்பர் ஒருவர் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். கொலுசு வேலை. நல்ல மனிதர். ஒரு கட்சி என்றால் அவருக்கு உயிர். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், சொன்னால் இங்கே பாதிப் பேர் சிரிக்கமாட்டீர்கள். ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்தது. தொலைக்காட்சிக்காரன் கருத்துக்கணிப்பையெல்லாம் நம்பமாட்டேன், நானே எடுக்கிறேன் என்று பட்டறைக் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழிக்காமல் திருப்பிப் போட்டு ஆரம்பித்துவிட்டார்.

காலையில் காந்தி ஸ்டேடியத்தில் கூட நடப்பவர்களைக் கேட்டார். எல்லோரும் அவர் கட்சி. பட்டறைக்கு வரும் வியாபாரிகளைக் கேட்டார். அவர் கட்சி. சம்பந்தி வீட்டைக் கேட்டார், சங்கத்து ஆட்களைக் கேட்டார், வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு, பழைய மாணவர் குழு, கோயில் கமிட்டிக் குழு ஒன்றையும் விடவில்லை. எல்லாம் ஒரே குரல். நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு, இன்னொரு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மனிதர் தெருமுனையில் நின்று பந்தயமே கட்டிவிட்டார். கட்சி தோற்றால் தெரு முழுக்கத் தட்டுவடை செட் என் செலவு!

பந்தயத்தை ஏற்றவர் தெருக்கோடியில் வயரிங் வேலை பார்க்கும் ஒருவர். "சரிங்கண்ணே" என்றார், அவ்வளவுதான்.

எண்ணிக்கை நாள். காலை பத்து மணிக்கு நண்பர் முகம் மாறத் தொடங்கியது. சேனலை மாற்றினார். அங்கேயும் அதே. இன்னொன்று. அங்கேயும் அதே. மனிதருக்குக் கேபிள்காரர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானம் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர், சாயங்காலம் வாசலில் மணிச் சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்க்கிறார். தட்டுவடை வண்டி நிற்கிறது. வயரிங்காரர் கையோடு கூட்டி வந்துவிட்டார். தெருப் பிள்ளைகள் வரிசையில். வண்டிக்காரர் ஒற்றை ஆள், கை போதவில்லை. நண்பரின் மனைவியே திண்ணையில் உட்கார்ந்து பீட்ரூட்டும் கேரட்டும் துருவிக் கொடுக்கிறார்.

தட்டுவடைக்கு நடுவில் துருவலை வைத்து, பச்சைச் சட்னி சிவப்புச் சட்னி தடவி, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து நீட்ட நீட்ட, பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நண்பர் தூணில் சாய்ந்து நிற்கிறார். மனசு ஆறவில்லை. யாரைப் பார்த்தென்று இல்லாமல், "நான் கேட்ட ஆளெல்லாம் நம்ம ஆளுதானே, இந்த ஓட்டெல்லாம் எங்கிருந்துதான் வந்துச்சோ" என்கிறார்.

அந்த அம்மா துருவலை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. "ஒண்ணு இங்கிருந்துதாங்க" என்றார்.

(சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தாய்மார்கள் பக்கம்தான் அதிகம்.)

நண்பர் கேட்டார், எத்தனை வருஷமா? கல்யாணம் ஆன நாள்லேருந்தே. ஏன் சொல்லல? "நீங்க எப்பக் கேட்டீங்க? 'நாம இதுக்குத்தானே போடறோம்'னு சொன்னீங்க. அது கேள்வியாங்க?" பக்கத்தில் நின்ற வயரிங்காரர் வாயில் தட்டுவடை, சிரிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நண்பர் இன்றும் அதே கட்சிதான், அந்த அம்மாவும் அதே கட்சிதான், அதாவது அவரவர் கட்சி. ஆனால் இப்போது தேர்தல் வந்தால் நண்பர் முதலில் வீட்டில் கேட்கிறார். பதில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

இதைச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. எலிசபெத் நோயல்-நாய்மன் என்று ஜெர்மனியில் ஓர் அம்மையார், கருத்துக்கணிப்பையே தொழிலாகக் கொண்டவர். 1974இல் 'மௌனச் சுருள்' என்று ஒரு கொள்கை சொன்னார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர், ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடியதால் எதிர்த் தரப்பின் குரல் உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கிறது. அதைக் கேட்டு அடுத்தவரும் மூடிக்கொள்கிறார். பட்டறைக்காரர் வீட்டில் நடந்தது இதுதான். அவருக்கு நோட்டு நிரம்பக் காரணம் ஊர் ஒத்துக்கொண்டதல்ல, ஒத்துக்கொள்ளாதவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்ததுதான்.

அவராவது ஒரு நோட்டுப் பக்கத்தோடு நின்றார். அமெரிக்காவில் 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46இல். முகவரிகளை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் வைத்திருந்தோர் பட்டியலிலும். பெரும் பொருளாதார மந்தம் நடந்த காலம் அது. போனும் இல்லாமல் காரும் இல்லாமல் இருந்தவர்கள் ரூஸ்வெல்ட்டுக்குப் போட்ட ஓட்டு அந்தச் சீட்டுகளில் வரவே வழியில்லை. வந்த சீட்டிலும் யார் ஆர்வமாகத் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டே வருடத்தில் பத்திரிகையும் நின்றுபோயிற்று.

அடுத்த வருடம் நம் பக்கத்துக் கதை. 1937 சென்னை மாகாணத் தேர்தல். நீதிக்கட்சியின் தலைவர் பொப்பிலி ராஜா. மாகாணத்தின் பிரதம மந்திரியாக, இன்றைய கணக்கில் முதலமைச்சராக, இருந்தவர். சுற்றிலும் ஜமீன்தார்கள், ராவ் பகதூர்கள். 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. ராஜா தன் சொந்தப் பொப்பிலியிலேயே தோற்றார். தோற்கடித்தவர் வி.வி.கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானாரே, அவர்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அரண்மனைக் கதவு இருந்தது. அது போதுமாயிருந்தது.

அந்தக் கட்சிக்கு மருந்து கொடுத்த ஊர் எது? நம் சேலம்! 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி இங்கே கூடித்தான் திராவிடர் கழகம் ஆனது. வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ் பகதூர் பட்டங்களை விடு, கௌரவப் பதவிகளை விடு என்று அண்ணாவின் பெயரால் தீர்மானம் வந்தது. விட மனமில்லாதவர்கள் பிரிந்துபோய்ப் பழைய பெயரிலேயே கட்சி நடத்தினார்கள். பட்டத்தைக் கழற்றினவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இதே ஊரின் நகராட்சித் தலைவராக 1917இல் பொறுப்பேற்றவர் ராஜாஜி. அந்தக் காலத்தில் ஈரோட்டு நகராட்சிக்குத் தலைவர் பெரியார். அப்போது ஏற்பட்ட நட்பு, கொள்கையில் வடதுருவம் தென்துருவமாகப் போன பிறகும் நிற்கவில்லை. 1972இல் ராஜாஜி மறைந்தபோது தொண்ணூறு தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேடையில் விட்டுவைத்தார்களா? இல்லை. எதிராளி என்ன சொல்கிறான் என்பதை எதிராளி வாயாலேயே கேட்டவர்கள். அவன் சொன்னதாக நம் ஆள் அனுப்பும் 'பார்வர்ட்' அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்நாளில் கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. போஸ் மைதானத்தில் ஒரு கட்சிக் கூட்டம் என்றால், எதிர்க்கட்சிக்காரன் உள்ளே வரமாட்டான், டீக்கடை ஓரம் இருட்டில் நிற்பான். ஆனால் கடைசி வரை நிற்பான். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே! இஷ்டமில்லாதவன் காதிலும் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒலிபெருக்கி. தூக்கம் கெட்டது என்று திட்டினோம், நியாயம்தான். இன்று காதுக்குள் செருகிக்கொள்ளும் ஒலிபெருக்கி வந்துவிட்டது, பிடித்ததை மட்டும் பாடுகிறது.

இரண்டாவது செய்தி, தெருவும் வீடும். இது சாதியைத் தொடாமல் முழுதாகப் பேச முடியாத விஷயம், அதை இன்று தொடவில்லை. ஒரே ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தார்கள். அந்தத் தேதிக்கு இந்த ஊரில் ஒரு தெருவில் செங்கொடி ஏறும், அடுத்த தெருவில் அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பார்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர் லாரி.

இங்கேதான் படிப்பகத்துக்கு வருகிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், இதோ வந்துவிட்டேன்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு படிப்பகம். ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் பத்திரிகை. கட்சிக்கொரு படிப்பகம் இருந்ததே, அதுவும் ஒரு வட்டம்தானே என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே படித்தவர்கள் மறுப்பு எழுதுவதற்காகவாவது எதிர்த் தரப்புப் பத்திரிகையை வாங்கினார்கள். நான் கேட்பது அதற்கும் ஒரு படி மேலே. ஒவ்வொரு வார்டிலும் ஒரு படிப்பகம். அதில் ஒரே மேசையில் முரசொலி, விடுதலை, தீக்கதிர், ஜனசக்தி, தினமணி, தினத்தந்தி, இந்து தமிழ் திசை, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, தேசியக் கட்சி என்று எந்த ஏடு வந்தாலும் அத்தனையும். ஒன்றை எடுக்கக் கை நீட்டினால் இன்னொன்றின் தலைப்பு கண்ணில் பட்டே ஆக வேண்டும். பட்டறைக்காரர் ஒருபக்கம், வயரிங்காரர் ஒருபக்கம். தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான், தனிப் பெஞ்சு என்று ஓரமாகத் தள்ளாமல்.

பணம் எங்கே என்பீர்கள். வீட்டுக்குப் போனதும் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முன்னோடிச் சட்டம், நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் முயற்சியில் வந்தது. அன்றிலிருந்து நாம் கட்டுகிறோம். கட்டுகிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு. அது போதாதென்றால், காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை கட்டுகிறோமே பிளக்ஸ், அதில் ஒன்றின் செலவில் எத்தனை மாதத்துக்குப் பத்திரிகை வாங்கலாம் என்று பிரஸ்காரரையே கேளுங்கள்.

முதல் வரிசை அண்ணனும் மாமன்ற உறுப்பினர் அம்மாவும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால் மாநகராட்சியில் இந்த மனு நகரும். இருவரும் எதிரெதிர்க் கட்சி என்பதால்தான் கேட்கிறேன். ஒரே கட்சிக்காரர்கள் கொடுத்தால் அது கட்சிப் படிப்பகம் ஆகிவிடும். அண்ணன் தலையாட்டுகிறார். அம்மா சிரிக்கிறார்கள், சிரித்தால் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறேன். வேண்டாம், சற்றுமுன் சொன்ன கதைக்கே அது பொருந்தாது. வாய் திறந்து சொல்லுங்கள் அம்மா.

(மாமன்ற உறுப்பினர் எழுந்து, மாமன்றக் கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்.)

மூன்றாவது செய்தி செல்போன். தலைமையாசிரியர் ஐயா நேரமாகிவிட்டதென்று துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், அதிலும் சிவப்பு மை. ஒன்று மட்டும். முகநூல் நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதிர்க்கருத்து நம் கண்ணில் படாமல் போவதற்கு இயந்திரத்தின் வடிகட்டலைவிட, நாம் யாரை நண்பராக வைத்திருக்கிறோம், எதைத் தட்டிப் படிக்கிறோம் என்பதே பெரிய காரணம் என்றார்கள். சொந்தக் கம்பெனியைப் பற்றி அவர்களே சொன்னது என்பதையும் மறக்க வேண்டாம். மற்றதெல்லாம் அடுத்த விழாவில்.

மனு நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், தெரு, கையெழுத்து. எந்தக் கட்சி என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தட்டுவடை செட் ஏற்பாடு செய்திருப்பதாகப் பொருளாளர் இப்போதுதான் காதில் சொன்னார், கையெழுத்துப் போட்டவர்களுக்கு முதலில். நன்றி, வணக்கம்.