வேனில் வந்து போகும் அண்ணாமார், அக்காமார்

நேயர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. மட்டக்களப்பில் வாகரைப் பக்கம், படுவான்கரைப் பக்கம், அப்படியே தெற்கே திருக்கோவில் வரைக்கும் ஒரே நிற ரீசேர்ட் போட்ட குழுக்கள் வேனில் வந்து இறங்கத் தொடங்கிவிடும். கொழும்புச் சபைகளில் இருந்து வருவார்கள், லண்டன், கனடாவில் இருந்து நம்முடைய ஆட்களின் பிள்ளைகளே வருவார்கள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வருவார்கள். ஐந்தாறு நாள் விடுமுறை வேதாகமப் பாடசாலை, பாட்டு, விளையாட்டு, கைவேலை, கடைசி நாளில் பரிசு, எல்லோருமாக நின்று ஒரு படம். அப்புறம் வேன் போய்விடும்.

வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார், 1815 ஏப்ரலில் இறந்துபோனார், ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. நாள் கணக்குப் பார்த்தால் அவரும் குறுங்கால ஊழியர்தான்! ஆனால் திரும்பிப் போக ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்தவர் இல்லை அவர், இருந்த கொஞ்ச மாதத்தில் பள்ளிகளைத் தொடங்கினார், மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வழியில் வந்தது. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க யேசு சபைக் குருமார் இங்கேயே வயதாகும் வரைக்கும் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹெபர்ட் அடிகளார், நாடு கொதித்த நேரத்திலும் போகாமல் இருந்து, 1990 ஆகஸ்டில் காணாமலே போனார்.

எல்லோராலும் அப்படி இருக்க முடியாது, சரி. படிக்கிற பிள்ளைகள், லீவு போட்டு வருகிறவர்கள், போகத்தான் வேண்டும். போகிற விதத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

சிறுவர் இல்லத்துக்குப் போய் வந்தவர்கள் தங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது ஒன்று தவறாமல் வரும்: "போன உடனேயே ஓடி வந்து மடியில் ஏறிவிட்டார்கள், என்ன அன்பான பிள்ளைகள்!" எனக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் வீட்டு நாலு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவுக்குப் பின்னால் ஒளியும், கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், பிறகுதான் கிட்ட வரும். யார் வந்தாலும் மடியில் ஏறுகிற பிள்ளை, பார்த்துக்கொள்ளும் ஆட்கள் மாறி மாறி வந்ததால் அப்படிப் பழகிப்போன பிள்ளையாக இருக்கலாம் என்று சிறுவர் உளவியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பிள்ளையிடம் இன்னுமொரு அக்கா வந்து, ஒரு கிழமை மடியில் வைத்துக் கொஞ்சி, கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுது, "கட்டாயம் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனால் அவளுக்கு அழுது முடிந்துவிடும், பிள்ளை கேற்றடியில் நிற்கும். இல்லத்தில் இரவு வேலை செய்கிற அம்மாக்களைக் கேளுங்கள், அதற்குப் பிறகு வருகிற கிழமை எப்படிப் போகும் என்று சொல்வார்கள்.

இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது, வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கும். அவுஸ்திரேலியாவில் 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது, வெளிநாட்டுக்காரரிடம் காசு சேர்ப்பதற்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்க்கிற விஷயமும் அங்கே பேசப்பட்டது. ஒரு குழுவின் விமானச் செலவை யோசித்துப் பாருங்கள், அந்தக் காசுக்கு எத்தனை பிள்ளைகளைத் தாயோடேயே வைத்துப் படிப்பிக்கலாம்!

அதனால் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இருக்கிற ஞாயிறு பாடசாலை ரீச்சரை முன்னுக்கு விடுங்கள், நீங்கள் பின்னால் நின்று மேசை தூக்குங்கள், வர்ணப் பென்சில் சீவிக் கொடுங்கள். பாட்டை அவருக்குப் பழக்கிவிட்டுப் போனால் அடுத்த மாதமும் பிள்ளைகள் பாடுவார்கள். பரிசும் அவர் கையால் போகட்டும். எந்த நாள் போகிறீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய் "ஒன்றுமில்லாமலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள், பரிசு கொடுக்கிற நாளில் எந்தப் பிள்ளை சிரிக்காது?

இங்கே இருக்கிற பெற்றோருக்கும் போதகர்மாருக்கும் ஒன்று. வெளியூரில் இருந்து வருகிற ஆள் என்றால் நமக்கு எதையும் கேட்கக் கூச்சம். கேளுங்கள். யார், எந்தச் சபை, யார் பொறுப்பு, எடுத்த படத்தை எங்கே போடப் போகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போக யாருக்கும் விடாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஏதாவது மனதுக்குச் சரியில்லாமல் பட்டால் 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், காசு போகாது. வணக்கம்.