சாமர்த்தியமா, ஏமாளித்தனமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆடாமலேயே கால்பந்து வீரராகக் காலம் தள்ளி ஓய்வும் பெற்றுவிட்ட பிரேசிலின் கார்லோஸ் கைசர் கதையில் விஞ்சி நிற்பது அவருடைய சாமர்த்தியமா, சுற்றியிருந்தவர்களின் ஏமாளித்தனமா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் சாமர்த்தியத்துக்கு ஆலவட்டம் வீசிவிட்டு அமர்ந்திருக்கிறார்.

அப்படி என்ன சாமர்த்தியம்? பயிற்சியில் இறங்கியதும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 1980களில் எம்.ஆர்.ஐ. பரவலாக இல்லை, வலி என்றால் வலிதான். முதல் கிளப் நம்பியது, சரி. அடுத்தடுத்த கிளப்புகளுமா? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரைக்கூட நாம் இதைவிட நன்றாக விசாரிப்போமே!

பிரேசிலின் 'பாங்கு' என்ற கால்பந்து கிளப்பில் நடந்ததாக அவரே சொல்வதைக் கேளுங்கள். அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. கிளப்பின் புரவலர் காஸ்டர் தி ஆந்த்ராதே, சூதாட்ட உலகின் பெரும்புள்ளி, "கைசரை இறக்கு" என்கிறார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் கைசர் வேலியைத் தாண்டிப்போய் ரசிகர்களோடு கைகலந்தார். களத்தில் கால் வைக்கும் முன்பே சிவப்பு அட்டை! கொதித்துப்போய் வந்த புரவலரிடம், "கடவுள் எனக்குத் தந்த இரண்டாவது தகப்பன் நீங்கள். உங்களைத் திருடன் என்றார்கள், பொறுக்கவில்லை" என்றாராம். உடனே ஒப்பந்தம் ஆறு மாதம் நீண்டது. ஊரையே ஆட்டிவைத்த மனிதர் ஒரு "அப்பா"வில் கவிழ்ந்தார், நடுவர் அவர்களே!

சாமர்த்தியமே தேவையில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1996இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கிளப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: "ஜார்ஜ் வேயா பேசுகிறேன், என் உறவுக்காரப் பையன் அலி டியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்." பேசியவர் உலகப் புகழ்பெற்ற கால்பந்து வீரரான அந்த வேயா அல்லர். பயிற்சியாளர் கிரேம் சூனஸ் சேர்த்துக்கொண்டார். லீட்ஸ் அணிக்கு எதிராக, காயம்பட்ட லெ டிசியேவுக்கு மாற்றாக இறக்கியும் விட்டார். 53 நிமிடம் தட்டுத் தடுமாற விட்டு, பிறகு வெளியே அழைத்தார். பொய்க்காயம் இல்லை, கண்ணீர் வசனம் இல்லை. விசாரிக்காமல் விட்டது மட்டும்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. பிரான்சின் அஜாக்சியோ கிளப்பில், பயிற்சிக்கு வைத்த பந்துகளையெல்லாம் கைசர் கூட்டத்துக்குள் உதைத்தனுப்பித் தப்பித்தார் என்று எதிரணி நண்பர் உருகி உருகிச் சொன்னாரே, அந்தக் கதையைப் பரப்பியவரே கைசர்தான்! அவர் அந்த அணியில் இருந்ததே இல்லை என்று மறுப்பும் வந்துவிட்டது. நீங்களும் நம்பிவிட்டீர்களே ஐயா! எழுந்து வாருங்கள், எங்கள் அணியில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.