ஆழித்தேர் ஏன் சட்டென்று நகர்வதில்லை?

வணக்கம். இன்றைக்கு விசை. சூத்திரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை ஏறக்குறைய 300 டன்.

வடம் பிடிக்கிறார்கள். "ஆரூரா, தியாகேசா" என்று ஒரே முழக்கம். வடம் விறைத்து நிற்கிறது, ஆனால் தேர் அசையவில்லை. அப்படியானால் விசை இல்லையா? இருக்கிறது! ஒரு பொருளின் நிலையை மாற்றுவது மட்டும் விசை இல்லை, மாற்ற முயல்வதும் விசைதான். பள்ளியில் இதை மனப்பாடம் செய்த எனக்கு, வடத்தைத் தொட்ட அன்றுதான் அந்த 'முயல்வது' என்ற சொல் புரிந்தது. நாம் முன்னால் இழுக்கிற அளவுக்குச் சக்கரத்தடியில் தரை பின்னால் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சமமாக இருக்கும் வரை நிகர விசை பூஜ்ஜியம்.

அதனால்தான் பின்னாலிருந்தும் தள்ளுகிறார்கள். நெம்புகிறார்கள், புல்டோசரும் உண்டு. இழுவை, பிடிமானத்தை மிஞ்சிய நொடியில் ஒரு குலுக்கல். தேர் கிளம்பிவிட்டது!

சரி, ஒரு சின்னக் கணக்கு. நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவால், பெருக்கினால் விசை. 300 டன் என்பது 3 லட்சம் கிலோ. அதன் வேகத்தை நொடிக்கு நொடி 10 செ.மீ. கூட்ட வேண்டுமென்றால் 30,000 நியூட்டன் தேவை. ஒருவர் 300 நியூட்டன் இழுப்பதாக வைத்துக்கொண்டால் அதற்கே நூறு பேர். உராய்வைச் சமாளிப்பவர்கள் தனி.

இப்போது வடம் பிடிப்பவர்களின் கால்களைக் கவனியுங்கள். குதிகாலை ஊன்றி, தரையைப் பின்னால் உதைக்கிறார்கள். தரை அவர்களை முன்னால் தள்ளுகிறது. நியூட்டன் 1687-இல் எழுதிய மூன்றாம் விதி இதுதான். மணல் சறுக்கினால் எவ்வளவு பலம் இருந்தும் இழுக்க முடியாது.

என்னைக் கேட்டால், தேரில் பெரிய வேலை இழுப்பது இல்லை, நிறுத்துவது. நடக்கிற வேகம்தானே என்று நினைக்காதீர்கள். அதே வேகத்தில் நடக்கும் 60 கிலோ ஆளைவிடத் தேரின் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு, 5,000 மடங்கு. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் ஓடாது. சக்கரம் கட்டையின் சரிவில் ஏறப் பார்க்கும். ஏற ஏறக் கட்டை தரையோடு அழுந்தும், அழுந்த அழுந்த உராய்வு கூடும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். வீதி முனையில் இதற்கு நேர்மாறான வேலையும் நடக்கிறது: சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, உராய்வைக் குறைக்கிறார்கள்.

இதோ, சக்கரம் ஏறிய ஒரு கட்டை. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். மேல் முனை நசுங்கி, மரநார் விரிந்திருக்கிறது. அடிப்பக்கம் பாருங்கள், ரோட்டில் தேய்ந்த கோடுகள், எல்லாமே ஒரே திசையில்.