மதகைத் திறக்கும் தேதி யார் கையில்?

(களியக்காவிளையில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, விவசாய நண்பர்களே, வணக்கம்.

களியக்காவிளையில் நின்று, கேரளத்து ஆலப்புழைப் பக்கமுள்ள குட்டநாட்டைப் பற்றிப் பேச முகாந்திரம் எதுவும் தேவையில்லை. 1956 வரை நாஞ்சில் நாடும் குட்டநாடும் ஒரே அரசின் கீழ் இருந்த நெற்களஞ்சியங்கள். நாம் தண்ணீரைக் கொண்டுவந்து பாய்ச்சி விதைக்கிறோம். அவர்கள் தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு விதைக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழேகூட அங்கே வயல் உண்டு. கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் காயல், அதாவது கடலோர ஏரி, மேலே கிடக்கும், மறுபக்கம் நெற்கதிர் கீழே.

அந்தக் கரையை எப்படிப் போட்டார்கள்? தென்னந்தடிகளை வரிசையாக அடித்து இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, நடுவே களிமண்ணும் மணலும் இலைதழையும் அடுக்கடுக்காக நிரப்பினார்கள். களிமண் காயலின் அடியிலிருந்து ஆட்கள் முங்கி எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது, முரிக்கன் என்ற நிலக்கிழார் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று காயல் நிலங்களை மீட்டார். மூன்றும் அரச குடும்பத்தை ஒட்டி வைத்த பெயர்கள். முங்கி மண் எடுத்த புலையர் தொழிலாளிகளின் பெயரில் ஒரு காயலும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கரை நின்றால் மட்டும் போதாது, உள்ளே ஊறுகிற நீரை இறைக்க வேண்டும். முன்பு காலால் மிதிக்கும் சக்கரம். அப்புறம் வந்தது ‘பெட்டியும் பறையும்’: மர உருளைக்குள் விசிறி சுழன்று நீரைத் தூக்க, அது மரப்பெட்டி வழியாகக் கரைதாண்டிப் போகும். தூக்கும் உயரம் குறைவு, தள்ளும் நீர் அதிகம். ஒரு பாடசேகரத்து, அதாவது ஒரே கரைக்குள் அடங்கிய வயல் தொகுப்பின், விவசாயிகள் எல்லாரும் சேர்ந்துதான் இறைக்க முடியும். தன் வயலை மட்டும் காயவைக்க யாராலும் ஆகாது.

இனி மதகுகள். 1955இல் கட்டிய தோட்டப்பள்ளி வழிந்தோடி வெள்ளத்தைக் கடலுக்கு விட. எழுபதுகளில் முடிந்த தண்ணீர்முக்கம் தடுப்பு, கோடையில் உப்புநீர் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதிக்கு ஏறாமலிருக்க. தோட்டப்பள்ளியில் கதவைத் தூக்கினாலும், நீர் கடலில் சேரும் வாயான பொழிமுகத்தில் மணல் அடைத்திருந்தால் வெள்ளம் போகாது. பொழிமுகம் அடைத்தால் என்ன ஆகும் என்று நம் கடற்கரை ஊரான மணக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

தண்ணீர்முக்கத்தில் சிக்கல் வேறு. டிசம்பரில் அடைத்து, மார்ச் வாக்கில் திறக்க வேண்டும். அடைத்திருக்கும் மாதங்களில் நெல்லுக்கு உப்பு இல்லை, சரி. ஆனால் ஆற்று இறாலுக்கு முட்டை பொரிக்க உப்புக் கலந்த நீர் வேண்டும், குஞ்சு மறுபடி மேலே ஏறிவர வேண்டும். கதவு குறுக்கே நிற்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாத நீரில் உரமும் பூச்சிமருந்தும் தங்குகின்றன, ஆகாயத்தாமரை மண்டுகிறது. உப்பு ஏறினால் அது தானே அழுகிப் போகும்.

எனக்கு இதில் மீனவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் விவசாயியும் வேண்டுமென்றே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மழை நீண்டால் இறைப்பு பிந்தும், இறைப்பு பிந்தினால் விதைப்பு பிந்தும். பத்துப் பாடசேகரத்தில் அறுவடை முடிந்து, பதினோராவதில் பயிர் பால் பிடிக்கும் நிலையில் இருந்தால், திறக்கும் தேதி அந்த ஒன்றுக்காகத் தள்ளிப்போகும். அதனால் நான் கேட்பது புதிய கதவு அல்ல. எல்லாப் பாடசேகரங்களும் ஒரே வாரத்தில் விதைக்க வேண்டும், அந்த வாரத்தைக் குறிக்கும் கூட்டத்தில் மீனவருக்கும் நாற்காலி போட வேண்டும்.